குறை சொல்லி வழியனுப்புகிறவர்கள்

எங்கள் கேட்டுக்குப் பூட்டு கிடையாது. வருகிற எல்லோரிடமும் நாங்கள் முதலில் சொல்வது அதைத்தான். ஆனேக்கல் தாண்டி, தைலமரத் தோப்பு ஓரமாகத் திரும்பும் சாலையில், நீலச் சாயம் பூசிய இரும்புக் கேட். தள்ளினால் திறக்கும். காற்று தள்ளினாலும் திறக்கும். பக்கத்துத் தோட்டத்து மாடு தள்ளினாலும் திறக்கும். உள்ளே வந்து, சமாதானப் புறா வரைந்த சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு, வந்த வழியே போகும். மாடு போகும். உள்ளே இருந்தவர்கள் போகவில்லை.

அவர்கள் ஒரு காலத்தில் துப்பாக்கியோடு காட்டில் இருந்தவர்கள். கன்னட மலைநாட்டுக் காடுகளிலும், கிருஷ்ணகிரி தருமபுரிப் பக்கத்து மலைகளிலும் இளமையைச் செலவழித்துவிட்டு, மூட்டுவலியும் சலிப்பும் ஒன்றாக வந்த வயதில் ஆயுதத்தை ஒப்படைத்துச் சரணடைந்தவர்கள். அவர்களை மறுபடி சாதாரண மனிதர்களாக ஆக்குவது எங்கள் தொண்டு நிறுவனத்தின் வேலை. ஆகிவிட்டார்கள் என்று நாங்கள் கடிதம் கொடுத்தால் வெளியே போய் வாழலாம். கடிதம் இல்லாமல் போனால் பழைய வழக்குகள் எழுந்து உட்காரும். பிறகு பூட்டு எதற்கு?

நான் அங்கே எழுதுகிற வேலையில் இருந்தேன். அவர்கள் வாழ்க்கையைக் கேட்டு, வெளிநாட்டில் இருந்து நிதி தருகிறவர்கள் படிக்கும்படி எழுத வேண்டும். கண்ணில் நீர் வர வேண்டும், ஆனால் பயம் வரக் கூடாது. ஒரு மனுஷி மழையில் நனைந்த கம்பளிக்குள் பிணத்தோடு படுத்திருந்த இரவை, காலை காபியோடு படிக்கக் கூடிய அளவுக்கு நான் வெட்டித் தைத்துக் கொடுப்பேன். எனக்கு அது நன்றாகவே வந்தது. அதுதான் என்னைப் பிடித்து வைத்திருந்தது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு மழைக்காலத்திலும் வேலையை விட்டுவிடுவது என்று முடிவெடுப்பேன். நகரத்துக்குள்ளே ஆஸ்டின் டவுனில் என் வீட்டு மாடியில் துணி எடுக்கப் போகும்போது எடுக்கிற முடிவு அது. துணியை மடித்து வைப்பதற்குள் ஆறிவிடும். மறுநாள் காலை ப்ராஜெக்ட் வண்டி வரும். சில்க் போர்டு சந்திப்பில் வண்டிகளுக்கு நடுவே வண்டி, ஹாரனுக்கு நடுவே ஹாரன், முன்னாலும் போக முடியாது, இறங்கி நடக்கவும் முடியாது. நகரமே ஒரு நீளமான விசாரணை அறை மாதிரி இருக்கும். அதைத் தாண்டி பூட்டில்லாத ஒரு கேட்டுக்குப் போவேன்.

எங்கள் இயக்குநர் நல்லவர். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில் குடும்ப வீட்டின் முன்பாதியை அலுவலகமாக்கியிருந்தார். பின்பாதியில் யாரோ எப்போதும் பியானோ பழகிக்கொண்டிருப்பார்கள், எப்போதும் அதே இடத்தில் தப்பாக. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "ப்ராசஸை நம்பணும்மா" என்பார். எதைக் கேட்டாலும் அதுதான். தண்ணீர் மோட்டார் எரிந்து போனாலும் அதுதான்.

அவர் கொண்டுவந்த முறைகளில் முதலாவது, 'தோழர்' என்ற சொல் வளாகத்துக்குள் கூடாது. பழைய காயத்தைக் கிளறும் என்றார். அதற்குப் பதிலாக 'நண்பர்'. அவர்கள் கட்டுப்பாட்டுக்குப் பழகியவர்கள், எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் "நண்பரே, அந்தத் தண்ணிக் குடத்தைப் பிடி" என்று சொல்லும்போது ஏதோ நாடகக் கம்பெனியில் மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, வட்டம். ஒருவர் வெளியே போகத் தயாரா என்பதை மேலே இருக்கிறவர்கள் முடிவு செய்யக் கூடாது, கூடவே வாழ்கிறவர்கள் முடிவு செய்யட்டும் என்றார். கேட்கவே அழகாக இருந்தது. கூடத்தில் எல்லோரும் வட்டமாகத் தரையில் உட்கார்வோம். இயக்குநர் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போன நாட்டின் கடற்கரையில் பொறுக்கி வந்த கறுப்புக் கூழாங்கல் ஒன்று இருந்தது. அது கைக்குக் கை மாறும். கையில் கல் இருக்கிறவர் மட்டும் பேசலாம்: போக வேண்டியவரைப் பற்றி மனதில் இருப்பதைச் சொல்லலாம், அல்லது பேசாமல் கல்லை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். யாராவது ஒருவர் ஒரு குறையைச் சொன்னாலும், அந்த ஆள் இன்னும் தயாராகவில்லை. மறுபடி சில மாதம் கழித்துத்தான். இந்த அளவுகோலை அவர்களிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் கொள்கை. சொன்னால் மனம் திறந்து பேச மாட்டார்கள். முடிவு ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்து பிறகு வரும்.

வட்டம் இல்லாத நாட்களில் அந்தக் கல் சமையலறையில் இருக்கும். சமையல்காரர் அதில்தான் பூண்டு நசுக்குவார். அதனால் எங்கள் மனம் திறந்த பேச்சுகளுக்கெல்லாம் ஒரு பூண்டு வாசனை உண்டு.

அந்தச் சமையல்காரர்தான் எங்கள் ஒரே வெற்றி. அவரும் காட்டில் இருந்து வந்தவர்தான். எல்லோருக்கும் முன்னால் வந்தவர். அவருடைய வட்டத்தில் கல் ஒரு வார்த்தைகூட இல்லாமல் சுற்றி வந்தது. ஒரு குறை இல்லை. இயக்குநர் கண்கள் கலங்கிப் போனார். சமையல்காரரும் அழுதார். கடிதம் உடனே வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினவர், எதிரே இருந்த ஷீட் போட்ட ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்தார். மறுநாள் காலை உள்ளே வந்து உப்புமா கிண்டினார். அன்றிலிருந்து அவர் ஊழியர். அவரைப் பற்றி நான் எழுதியது மூன்று மொழிகளில் வந்தது.

இப்போது அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாற்பதைத் தாண்டியவள். கிருஷ்ணகிரிப் பக்கத்து மலைக்காரி. மெலிந்த உடம்பு, ஆனால் நடக்கும்போது தரையில் சத்தமே வராது. பின்னால் வந்து நின்று "அக்கா" என்றால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். காட்டுக்குள் போகும் முன் பிறந்த ஒரு மகள் அவளுக்கு. சொந்தக்கார வீட்டில் வளர்ந்து, ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணமும் ஆகிவிட்டது. பல வருடம் அம்மாவோடு பேச்சில்லை. அந்த மகள் ஒருநாள் போன் செய்தாள். தலைப்பிரசவம். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போக வேண்டும், தாய்க்கு வீடு இல்லை. அதனால் "நீ இங்க வந்துடு" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

"வான்னு சொல்லிட்டாக்கா" என்றாள் என்னிடம். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "அம்மான்னு கூப்பிடல. ஆனா வான்னு சொல்லிட்டா."

எங்கள் கேட்டில் இருந்து பார்த்தால் ஓசூர் பஸ் போவது தெரியும். ஹாரன் அடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, திருப்பத்தில் மறையும். ஒரு மணி நேரம்கூட ஆகாது. அவளும் நானும் கேட்டருகே நின்று அந்த பஸ்ஸைப் பார்க்கிற வழக்கம் அப்போது தொடங்கியது.

அவளுக்கு வட்டம் போட்டோம். கூடத்தில் தைலமர வாசனையும் பூண்டு வாசனையும். கல் முதலில் பெரியவரிடம் போனது. மலைநாட்டுக் கன்னடக்காரர் அவர், முழங்கால் மடங்காததால் அவருக்கு மட்டும் நாற்காலி. காட்டில் தமிழ் கற்றவர். கல்லை உருட்டிப் பார்த்தார்.

"நோடம்மா, இங்க பாரு," என்றார் அவளிடம், "நீ காய்ச்சல் வந்தா மறைக்கிறே. அன்னிக்கும் மறைச்சே, இன்னிக்கும் மறைக்கிறே. உன்னால நாலு பேர் நிக்க வேண்டி வந்தது ஒருமுறை. அது தப்பு."

அடுத்தவர்: "கோவம் வந்தா ரெண்டு நாள் பேச மாட்டா. தட்டை நங்குன்னு வைப்பா."

அதற்கு அடுத்தவர்: "தான் சொன்னதுதான் சரின்னு நிப்பா. வழி தப்புன்னு தெரிஞ்சும் ஒரு பொழுது முழுக்க நடக்க வெச்சா எங்களை. அட்டைங்களுக்கு அன்னிக்கு விருந்து."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆலோசகர், மனநலம் படித்த சின்னப் பெண், என் காதில் சொன்னாள்: "உடம்பு முடியாததை மறைக்கறாங்க, கோவத்தை அடக்கறாங்க, பிடிவாதம். ரொம்ப சீரியஸ் மேடம் இது."

சில நாளில் முடிவு வந்தது. இன்னும் தயாராகவில்லை.

அவள் அழவில்லை. "போலீஸ்காரங்க தாமதம் பண்றாங்களா அக்கா?" என்று கேட்டாள். நான் ஏதோ முனகினேன். மறு வட்டத்தில் இன்னும் அதிகமாகக் குறை சொன்னார்கள். அவள் குளிக்கும்போது தண்ணீரைத் தீர்ப்பதில் இருந்து, சரணடைவதா வேண்டாமா என்று பேசிய நாளில் அவள் கொடுத்த யோசனை வரைக்கும். யாரும் யாரையும் வெறுக்கிற முகமாக இல்லை. கல்லைக் கையில் வாங்கும்போது முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள், ஏதோ பரிசு கொடுக்கப் போகிறவர்கள் மாதிரி. எனக்குத்தான் கோபம். ஓசூரில் அந்தப் பெண்ணுக்கு மாதம் ஏறிக்கொண்டே இருந்தது. இவர்கள் இங்கே உட்கார்ந்து தட்டு வைக்கிற சத்தத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

முடிவு மறுபடியும் அதேதான்.

அன்று மாலை அவள் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்லப் போனேன்.

"இப்படியெல்லாம் உன்னைப் பேசினாங்களே. மனசு கஷ்டமா இல்லையா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எது கஷ்டம்? நல்லாத்தானே சொன்னாங்க. பெரியவரு அந்தக் காய்ச்ச விஷயத்த இன்னும் ஞாபகம் வெச்சிருக்காரு பாருங்க."

"உன்னைக் குறை சொன்னாங்கம்மா."

"ஆமா. போறவங்களுக்கு சொல்லணும் இல்ல?"

பிறகு சாம்பல் கையோடு எனக்குச் சொன்னாள். காட்டில் ஒருவரை வேறு பகுதிக்கு அனுப்பும்போது, கிளம்பும் முன் எல்லோரும் உட்கார்வார்களாம். ஆளுக்கொரு குறை சொல்ல வேண்டும். போகிற இடத்தில் இவர்கள் யாரும் கூட இருக்கப் போவதில்லை. அந்தக் குறை அவர் உயிரை வாங்காமல் இருக்க வேண்டும். குறை யோசிக்க மெனக்கெட வேண்டும், அவரை நன்றாகப் பார்த்திருக்க வேண்டும். எவ்வளவு பிரியமோ அவ்வளவு நீளமாகச் சொல்வார்கள். திரும்பப் பார்ப்போமா தெரியாது என்றால் கூட்டம் முடியவே முடியாது.

"நல்லதா எதுவும் சொல்ல மாட்டீங்களா?"

"நல்லது செத்தவங்களுக்குத்தான் சொல்லுவோம்."

எனக்கு அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. முன்பு ஒருமுறை இயக்குநர் 'பாராட்டுச் சுற்று' என்று ஒன்றை முயன்றார். எல்லோரும் பெரியவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். நாலாவது ஆள் பேசும்போதே பெரியவர் வெளிறிப்போனார். முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஏனம்மா, ரத்தம் எடுத்துட்டுப் போனாங்களே, அதுல ஏதாவது வந்திருக்கா?" என்றார்.

"சரி, குறையும் சொல்லாம, நல்லதும் சொல்லாம சும்மா இருந்தா?" என்று அவளிடம் கேட்டேன். கேட்கும்போதே பதில் எனக்குத் தெரியத் தொடங்கியிருந்தது.

அவள் சமையலறைப் பக்கம் பார்த்தாள். உள்ளே கல்லில் பூண்டு நசுங்கும் சத்தம் கேட்டது.

"அது இவனுக்கு," என்றாள். "நாங்க இருந்த இடத்துக்குப் போலீசுக்கு வழி காட்டினவன். இவனுக்கு என்ன சொல்றது? இவன் யாரு எங்களுக்கு?"

பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். நங்கென்ற சத்தம்.

எங்கள் ஒரே வெற்றிக் கதை. மூன்று மொழிகளில் வந்தது.

மறுநாள் ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போய் இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பின்பாதியில் பியானோ அதே இடத்தில் தடுக்கி விழுந்துகொண்டிருந்தது. அவர் கைகளைக் கோர்த்துக்கொண்டு கேட்டார். முகம் மெல்ல மலர்ந்தது. அப்பாடா என்று நினைத்தேன்.

"எவ்வளவு அழகான விஷயம்மா இது," என்றார். "இதைப் பத்தி ஒரு ஒர்க்‌ஷாப் பண்ணணும். ஒரு ஆராய்ச்சியாவே பண்ணலாம்."

"சார், அவ மகளுக்குப் பிரசவ மாசம்."

"ஆராய்ச்சி முடியற வரைக்கும் வட்டத்தை நிறுத்தி வெச்சிடலாமா? டேட்டா கெட்டுப் போயிடக் கூடாது பாருங்க."

"சார், அவங்க எல்லாரும் தயார். எப்பவோ தயார். நாமதான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டோம்."

"இருக்கலாம்," என்றார் அன்பாக. "ஆனா அதையும் ப்ராசஸ் மூலமாத்தானே கண்டுபிடிக்கணும்?"

சுவரோடு பேசினால் கோபமாவது வரும். இவரோடு பேசினால் மெத்தைக்குள் இறங்குவது மாதிரி இருக்கும். ஒன்றே ஒன்று கிடைத்தது: நிதி தருகிறவர்களின் பிரதிநிதிகள் இருவர் அடுத்த வாரம் வருகிறார்கள், அவர்களுக்காக ஒரே ஒரு வட்டம் நடத்திக் காட்ட வேண்டும், அது அவளுடைய வட்டமாக இருக்கட்டும் என்றார். "அதுல கவலை எதுவும் வரலைன்னா கடிதம் அன்னிக்கே. நானே கையெழுத்து போடுறேன்."

திரும்பும் வழியில் சில்க் போர்டில் நின்றோம். எனக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வேன். பின் கண்ணாடியில் ஒரு குழந்தை மூக்கை அழுத்தி நசுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. நெடுநேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். இருவருக்கும் பார்க்க வேறு எதுவும் இல்லை.

கொள்கையை மீறிப் பெரியவரிடம் அளவுகோலைச் சொன்னேன். வராந்தா நாற்காலியில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு குறை வந்தாலும் ஆள் போக முடியாது, அதுதான் விதி என்றேன். அவர் கை நின்றது.

"அப்போ போலீஸ் இல்லை?"

"இல்லை."

"நாங்கதானா? நாங்கதான் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சு வெச்சிருக்கோமா?"

அவர் தைல பாட்டிலின் மூடியைத் திருகினார். மூடி சரியாக உட்காரவில்லை. திரும்பத் திரும்பத் திருகினார்.

"சரிம்மா," என்றார் கடைசியில். "கல்லைச் சும்மா தள்ளி விடுறோம்."

அவளிடம் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் முழுவதையும் கேட்டாள்.

"வேணாங்க்கா."

"உன் மக காத்திருக்கா."

"அதுக்காக, அவனுக்குப் பண்ண மாதிரி எனக்கும் பண்ணணுமா? எல்லாரும் வாய மூடிட்டு என்னைத் தள்ளிவிடணுமா?" அவள் குரல் உயரவில்லை. "அதுக்கு நான் இங்கியே கெடக்கறேன்."

"அது நடிப்புதான்னு உனக்குத் தெரியும் இல்ல?"

"எனக்குத் தெரியும். அந்த நேரத்துல ஒடம்புக்குத் தெரியாது."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டுகள் நங்கு நங்கென்று விழுந்தன. பிறகு மகளிடம் இருந்து போன் வந்தது: ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, நாள் இருக்கும்போதே அட்மிட் ஆகச் சொல்கிறார்கள், கூட இருக்க ஆள் இல்லை. இந்த முறை 'அம்மா' என்று கூப்பிட்டிருக்கிறாள். பயத்தில் வந்திருக்க வேண்டும் அந்தச் சொல்.

அவள் என்னிடம் வந்தாள். சத்தமில்லாமல்தான். "செய்யச் சொல்லுங்க. நான் அவங்க மொகத்தப் பாக்க மாட்டேன், அவ்ளோதான்."

பிரதிநிதிகள் வந்தார்கள். ஒரு உயரமான அம்மா, கழுத்தில் நூல் சேலைத் துணியில் தைத்த துண்டு. ஒரு வெளுத்த ஆள், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். கேட்டுக்குப் பூட்டு இல்லை என்று சொன்னோம். தலையாட்டினார். வட்டம் கூடியது. இயக்குநர் கல்லின் கதையைச் சொல்லி, அந்த அம்மாவிடம் முதலில் கொடுத்தார். அவர் மரியாதையாக முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். பிறகு, சற்றுக் குழப்பத்தோடு, இன்னொரு முறை முகர்ந்தார்.

கல் பெரியவரிடம் வந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய் திறந்தது. அவர் கல்லை அடுத்தவரிடம் தள்ளினார்.

அடுத்தவர் வாங்கியதும் கொடுத்துவிட்டார், சுட்டது போல. அதற்கு அடுத்தவர். அதற்கு அடுத்தவர். மின்விசிறியின் சத்தம் மட்டும். அவள் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல் ஒவ்வொரு முறை பேச்சில்லாமல் கை மாறும்போதும் அவள் தோள் கொஞ்சம் கீழே போனது. இது நடிப்பு என்று அந்த வட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் அந்த மௌனம் நடிப்பு மாதிரி இல்லை. பழகிய மௌனம் அது, ஆளை வெளியே தள்ளுவதற்கென்றே செய்தது, வேறு வேலை தெரியாதது. சமையல்காரரும் ஊழியராக வட்டத்தில் இருந்தார். கல் அவர் கைக்கு வந்தபோது அவர் மட்டும்தான் அவளை நேராகப் பார்த்தார். இது என்ன என்று அவருக்குத் தெரியும். அவர் அழுதுகொண்டே கல்லைக் கொடுத்தார்.

"நோ கன்சர்ன்ஸ்," என்றாள் ஆலோசகர், நம்ப முடியாமல்.

இயக்குநர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். கை தட்டினோம். அந்த அம்மா அவளைக் கட்டி அணைத்துக்கொண்டார். அவள் மரக்கட்டை மாதிரி நின்றாள். பை தயாராக இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், யார் முகத்தையும் பார்க்காமல், கேட்டைத் தள்ளித் திறந்து ரோட்டுக்குப் போனாள். நான் மட்டும் கூடப் போனேன். ஓசூர் பஸ் வந்தது. கை காட்டினாள். ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பார்த்தாள்.

பஸ் கிளம்பவில்லை. முன்னால் ஒரு டிராக்டர் கரும்புச் சுமையோடு ரோட்டை அடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது.

அப்போது பின்னால் இருந்து கத்தல்.

"தோழர்."

அந்தச் சொல்லைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். பெரியவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மடங்காத காலை இழுத்து இழுத்து வந்திருக்கிறார். "தோழர், காய்ச்சல் வந்தா மறைக்காதே. அங்கே பச்சைக் குழந்தை இருக்கும். ஒட்டிக்கும். கேக்குதா?"

அவள் தலை திரும்பியது.

மற்றவர்களும் வந்துவிட்டார்கள். கேட்டைத் தாண்டவில்லை, பூட்டில்லாத கேட்டுக்கு உள்பக்கம் வரிசையாக நின்றுகொண்டு கத்தினார்கள். "மருமகன்கிட்ட கோவத்தைக் காட்டாதே. தட்டை மெதுவா வை." "ஆஸ்பத்திரியில டாக்டர் சொல்றதைக் கேளு, உனக்கு எல்லாம் தெரியும்னு நிக்காதே." "குளிக்கிற தண்ணியை மிச்சம் வை, தோழர், ஓசூர்ல டேங்கர் தண்ணி." "வழி தெரியலைன்னா கேளு. கேட்டுத் தொலை."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கண்டக்டர், "ஏனு கலாட்டா இது?" என்றார். அவள் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே போட்டிருந்தாள். முகம் முழுக்கத் தண்ணீர்.

"உங்களைப் பத்தி நான் சொல்லலியா?" என்று கத்தினாள். "பெரியவரே, நீ கொறட்ட விட்டே பாதிப் படையத் தூங்க விடல. முழங்காலுக்குக் காட்டுற பாசத்த மாத்திரைக்குக் காட்டு."

வரிசைக்குக் கடைசியில் சமையல்காரர் நின்றிருந்தார். கையில் கரண்டி. அவர் எதுவும் கத்தவில்லை; அந்த உரிமை தனக்கு இல்லை என்பது போல நின்றார். அவள் கண் அவர்மேல் வந்து நின்றது. டிராக்டர் நகர்ந்தது. பஸ் உறுமியது.

"டேய்," என்றாள். "உன் சாம்பாரு வாயில வைக்க முடியலடா. இத்தன வருசமா புளியக் கொட்டிக் கொல்றே."

பஸ் போய்விட்டது. சமையல்காரர் கரண்டியைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடம் என்று இல்லாமல், "புளி அதிகமாமா?" என்றார். பெரியவர் அவரைப் பார்க்காமல், "ரொம்ப," என்றார். சமையல்காரர் தலையை ஆட்டி ஆட்டி உள்ளே போனார். அன்று இரவுச் சாம்பார் சப்பென்று இருந்தது.

இதையெல்லாம் வராந்தாவில் நின்று பிரதிநிதிகளும் பார்த்தார்கள். மொழி தெரியாதவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்: ஒரு பெண் விடுதலையாகிப் போகிறாள், பழைய தீவிரவாதிகள் வரிசையாக நின்று நரம்பு புடைக்க அவளைத் திட்டுகிறார்கள், அவள் பதிலுக்குத் திட்டுகிறாள். நான் விளக்கினேன். இயக்குநர் இன்னும் அழகாக விளக்கினார். அந்த அம்மா கேட்டுக்கொண்டார். துண்டைக் கழுத்தோடு இறுக்கிக்கொண்டே கேட்டார். வெளுத்த ஆள் முதன்முறையாகத் தலையாட்டவில்லை.

சில வாரத்தில் தகவல் வந்தது. பங்கேற்பாளர்களிடம் ஆழமான கோபம் இன்னும் ஆறாமல் இருப்பதால், திட்டம் இரண்டு வருடம் நீட்டிக்கப்படுகிறது. அதுவரை புதிய கடிதங்கள் வேண்டாம். ஊழியர் அனைவரின் ஒப்பந்தமும் தொடரும். இயக்குநர் கேக் வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல பிளம் கேக். அதற்கு முந்தின மாலைதான் ஓசூரில் இருந்து போன்: பெண் குழந்தை, தாயும் சேயும் நலம், இவளுக்கு லேசாகக் காய்ச்சல் இருந்ததாம், மகளிடம் சொல்லிவிட்டு வேறு அறையில் படுத்தாளாம். அதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

கேக்கைச் சாப்பிட்டுவிட்டு வட்டமாக உட்கார்ந்தோம். கடிதம் இல்லை, போக வேண்டியவர் என்று யாரும் இல்லை என்றாலும் வட்டம் உண்டு; ப்ராசஸ். என் பைக்குள் நான் வேலையை விடுவதாக எழுதிய தாள் இருந்தது. இந்த முறை துணி மடித்த பிறகும் ஆறாமல் இருந்த முடிவு. வட்டம் முடிந்ததும் கொடுப்பதாக இருந்தேன்.

கல் பெரியவரிடம் வந்தது. அவர் அதை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மேடம் பத்தி ஒண்ணு சொல்லணும்," என்றார்.

அங்கே இருந்த இத்தனை வருடத்தில் யாரும் என்னைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. கல் என்னைக் கடந்து சும்மா போய்க்கொண்டிருந்தது. அதன் பொருள் என்ன என்று கிணற்றடியில் தெரிந்துகொண்ட பிறகு நான் அதைப் பற்றி யோசிக்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

"இவங்க எங்களைப் பத்தி எழுதுறதை அந்தப் பொண்ணு படிச்சுக் காட்டினா," ஆலோசகரைக் காட்டினார். "ரொம்ப அழகா எழுதுறாங்க. மழை, இருட்டு, மரம். நாங்க செஞ்சது எதுவும் அவ்வளவு அழகு இல்லம்மா. எங்களால செத்தவங்க வீட்டுக்காரங்க அதைப் படிச்சா என்ன நினைப்பாங்க? அதை யோசிக்கிறதில்ல நீங்க. அது தப்பு."

அடுத்தவர் கல்லை வாங்கி முதுகை நிமிர்த்தினார். "பஸ் பார்க்க கேட்டுக்குப் போவாங்க, வருவாங்க. எங்கியும் போறதில்ல. போறதுன்னா போகணும்."

அடுத்தவர்: "டீயை ஆற விட்டுட்டு சூடு பண்ணச் சொல்வாங்க. தினமும்."

சமையல்காரர் பலமாகத் தலையாட்டினார்.

இயக்குநர் புன்னகைத்தார். "அப்போ மேடம் இன்னும் தயாராகலை," என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். வெளியே ஓசூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பையை மடிக்கு நெருக்கமாக இழுத்து வைத்துக்கொண்டு, கல் சுற்றி முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அது முடிகிற மாதிரி தெரியவில்லை.